மருந்து எடுக்கிறவளுக்கு ஒரு சும்மா நாள்

விஸ்வநத்தம் மாரித்தாய் ஒரு காரியத்தைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பட்டாசுக் கம்பெனி வேனில் இனி ஏற மாட்டேன் என்று அவள் சொன்னது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். அந்த வேனில் உட்கார இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றுவார்கள். எவளோ ஒருத்தி காலை மிதித்துவிட, கொஞ்சம் ஆளைக் குறைத்து ஏற்றினால் என்ன என்று மாரித்தாய் கேட்டாள். "சொகுசு வேணும்னா நீ நடந்து வாத்தா" என்றான் டிரைவர். அவள் நடக்கவில்லை. மறுநாள் காலை புருசனுடைய சைக்கிளை எடுத்தாள். தெருத்தெருவாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வேன் வந்து சேர்ந்தபோது அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருந்தாள். டிரைவரின் மூஞ்சி போன போக்கைப் பார்க்கவே தினமும் சைக்கிளில் வரலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தாள்.

கம்பெனி ஆமத்தூர்ப் பக்கம். அவளுக்குப் பூச்சட்டியில் மருந்து அடைக்கிற வேலை. வெளியூர்க்காரர்கள் புஸ்வாணம் என்று சொல்வதுதான் இங்கே பூச்சட்டி. காலையில் போனதும் கலவை அறைக்குப் போய் அவரவர் பங்கு மருந்தை அளந்து வாங்கிவர வேண்டும். அதற்கு மருந்து எடுப்பது என்று பெயர். இந்தப் பக்கம் காலையில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாச்சா என்பதற்கு முன்னால் மருந்து எடுத்தாச்சா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். எடுத்த மருந்தின் அலுமினியத் தூள் கையெல்லாம் ஒட்டி வெள்ளிப் பூச்சாக மினுங்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி போகும், மீதி நகக்கண்ணில் அப்படியே நிற்கும்.

திருத்தங்கலில் முகம்மது ரியாஸ் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். செல்லுக்கு ரீசார்ஜ் போடுவார், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார். ஒருநாள் மாரித்தாய் பாட்டு ஏற்ற வந்து நின்றபோது வெளியே நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு அவர்தான் பேச்சை எடுத்தார்.

"மாரியக்கா, சைக்கிளு ஓட்டுறதுக்குன்னே நெட் ரேடியோவுல ஒரு நிகழ்ச்சி வருது. கேக்கீகளா?"

"அதுல பேச என்ன பாய் இருக்கு? மிதிச்சாப் போகும், மிதிக்காட்டி விழும்."

"ஏத்தி விடுறேன். புடிக்கலேன்னா அழிச்சிருவோம்."

நிகழ்ச்சியின் பெயர் 'எதிர்காத்து'. பேசியவர் சீனிவாசகம். சொந்த ஊர் விருதுநகர், பிழைப்பு ஐரோப்பாவில் எங்கேயோ. வாரம் ஒரு முறை சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு எப்படிப் பழக வேண்டும் என்று பேசி இணையத்தில் போடுவார். துபாயிலும் கனடாவிலும் கோயம்புத்தூரிலும் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். அடுத்த நாள் காலை சைக்கிள் ஹேண்டிலில் தொங்கிய பையிலிருந்து சைனா செல் சத்தமாகக் கேட்டது: "என்ன சேக்காளிகளா, வண்டிய எடுத்தாச்சா? எதிர்காத்து அடிக்குதா? அடிக்கட்டும்."

அந்த 'அடிக்கட்டும்' மாரித்தாய்க்குப் பிடித்துப்போனது. தன் சாதி ஆள் ஒருத்தர் கிடைத்தார் என்று நினைத்தாள். சாதி என்றால் பிறந்த சாதி இல்லை, பிடிவாதச் சாதி.

சீனிவாசகம் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்துக்குப் பேச்சு மிதி. பேச வராமல் மூச்சு மட்டும் வாங்குகிற வேகத்துக்கு மூச்சு மிதி. வாரத்தில் ஒரு நாள் வெகுதூரம் போவது பெரிய மிதி. அதற்கு மறுநாள் சும்மா நாள். "மிதிக்கும்போது உடம்பு தேயுது சேக்காளிகளா, சும்மா இருக்கும்போதுதான் ஏறுது. பெரிய மிதிக்கு மறுநாள் சும்மா நாள். இதுல சமாதானமே கிடையாது" என்பார். மூச்சு மிதி எத்தனை, பேச்சு மிதி எத்தனை என்று வாராவாரம் திட்டம் போட்டுக் கொடுப்பார். மாரித்தாய் அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். ஆமத்தூர் ஏற்றத்தில் மூச்சு மிதி, திரும்பும்போது பேச்சு மிதி. சனிக்கிழமை வேலை விட்டதும் வீட்டுக்கு வராமல் விருதுநகர் வரை ஒரு சுற்று, அது பெரிய மிதி. எல்லாம் சரியாகப் போனது. சும்மா நாளில்தான் வீட்டில் சண்டை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு வாரத்துத் துணி, ஒரு வாரத்துப் பாத்திரம், கறி எடுத்துக் குழம்பு. மாரித்தாய் தலையணையைப் போட்டுப் படுத்துவிட்டாள். திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அவள் புருசன் வெள்ளைத்துரை, உடம்புக்கு என்ன என்று முதலில் பதறினான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இன்னைக்கு எனக்குச் சும்மா நாள்."

"சும்மா நாளா? அப்ப எனக்கும் ஒரு சும்மா நாள் வேணும்ல?"

"எடுத்துக்கோங்க, யாரு வேணாம்னா? உங்க சும்மா நாளுக்கு நான் பொங்குறேன். என் சும்மா நாளுக்கு நீங்க பொங்குங்க."

அவன் முதல் வாரம் கடையில் வாங்கி வந்தான். இரண்டாவது வாரம் ரசம் வைத்தான், அது ரசமாக இல்லை. ஆடி முடிவதற்குள் சுமாராகக் குழம்பே வைக்கப் பழகிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரிகள் மூக்கில் விரலை வைத்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் சும்மா இருந்து அறியாத மாரித்தாய்க்கு முதல் இரண்டு வாரம் கை பரபரத்தது உண்மை. எழுந்து ஒரு சட்டியையாவது கழுவி வைக்கலாமா என்று தோன்றும். சீனிவாசகம் அண்ணாச்சி சமாதானம் கிடையாது என்று சொல்லியிருக்கிறாரே என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சீனிவாசகம் ஒரு சேதி சொன்னார். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து திருநெல்வேலி வாசல் வரை போய், இருட்டுவதற்குள் திரும்பி வருகிற பயணம். கேட்கிறவர்கள் எல்லாரும் வரலாம், அவரும் வருவார். அன்றிலிருந்து மாரித்தாய்க்கு அதே நினைப்பு. அதற்கான பழக்கத் திட்டம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு வாரம் பேச்சின் கடைசியில் அவர் குரல் தயங்கியது. புது வேலை, நேரம் கிடைக்கவில்லை, இனிமேல் கோயம்புத்தூர் புகழேந்தி நடத்துவார், பயணம் சொன்னபடி நடக்கும் என்றார். அவ்வளவுதான். மாரித்தாய் திருத்தங்கல் ரயில்வே கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதாள். முகம் தெரியாத ஒரு ஆளுக்காக ரோட்டில் நின்று அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அழுகை வந்தது.

அடுத்த வாரம் புகழேந்தி வந்தார். பேச்சு மிதி போய் ஜோன் டூ வந்தது. சும்மா நாள் போய் ரெக்கவரி டே வந்தது. இதயத்துடிப்பைக் காட்டுகிற கடிகாரம், கார்பன் வண்டி, இழுத்துப் பிடிக்கிற டிரவுசர் என்று பட்டியல் வாசித்தார். சேக்காளிகளா என்று கூப்பிடவில்லை, 'ஹலோ ரைடர்ஸ்' என்றார். நிகழ்ச்சியின் இணையப் பக்கத்தில் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். கனடாக்காரர் ஒருவர் இப்போதுதான் நிகழ்ச்சி உருப்பட்டது என்று எழுத, துபாய்க்காரர் அவரை வண்டி வண்டியாகத் திட்டினார். மாரித்தாயும் ரியாஸை எழுதச் சொன்னாள். "எழுதுங்க பாய். ‘பேச்சு மிதி பேச்சு மிதின்னு எங்க அண்ணாச்சி சொல்லுவாரு. நீங்க சும்மா உக்காந்து பேசுறதுக்கே மூச்சு வாங்குது. இப்படிக்கு, விஸ்வநத்தம் மாரித்தாய்.’" ரியாஸ் சிரித்துக்கொண்டே அப்படியே அடித்தார்.

ஆனாலும் கேட்பதை அவள் நிறுத்தவில்லை. திட்ட வேண்டுமென்றாலும் கேட்டாக வேண்டுமே. பசிப்பதற்கு முன்னாலேயே தின்ன வேண்டும் என்று அந்த ஆள் சொன்னதைச் செய்து பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். மற்றபடி பழைய பேச்சுகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழைய திட்டத்தையே மிதித்தாள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. புகழேந்தி விதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹெல்மெட் கட்டாயம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். "அப்புறம் முக்கியமான விஷயம். மருந்து எடுக்கிறவங்களுக்கு நம்ம ரைடுல இடமில்லை. தெரிஞ்சா அந்த இடத்துலயே இறக்கி விட்டுருவோம். இது சுத்தமான ரைடா இருக்கணும்."

படிக்கிற உங்களுக்கு விஷயம் இந்நேரம் விளங்கியிருக்கும். ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓட்டுகிறவனைத்தான் மனிதர் சொன்னார். ஆனால் சிவகாசிப் பக்கம் தலைவலிக்குத் தின்பது மாத்திரை, இருமலுக்குக் குடிப்பது டானிக்கு, ஆஸ்பத்திரியில் குத்துவது ஊசி. மருந்து என்றால் ஒன்றே ஒன்றுதான். அதை எடுக்கிறவர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம்.

மாரித்தாய் சைக்கிளை நேரே ரியாஸ் கடைக்கு விட்டாள். அவர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகமும் மாறியது.

"ஆமாக்கா. மருந்து எடுக்கிறவங்கன்னுதான் சொல்றாரு. சுத்தமா இருக்கணுமாம். என்ன திமிரு பாத்தீகளா? எழுதவா?"

"எழுத வேண்டாம் பாய். பேரை மட்டும் பதிஞ்சு விடுங்க. மத்தத நேர்ல கேட்டுக்கிடுறேன்."

இத்தனை நாள் காதுக்குள் வைத்திருந்த நிகழ்ச்சி தன்னைப் பார்த்து நீ அழுக்கு என்று சொல்லிவிட்டதே என்று அவளுக்கு எரிந்தது. சீனிவாசகம் இருந்திருந்தால் இப்படிச் சொல்வாரா என்று கேட்டுக் கேட்டு மிதித்தாள். அந்த வாரம் ஆமத்தூர் ஏற்றத்தில் அவளுக்கு மூச்சே வாங்கவில்லை.

கம்பெனியில் அப்போது தீபாவளி சீசன் உச்சம். பயணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம் போர்மேன் செல்லச்சாமி எல்லாரையும் கூட்டிவைத்து, லோடு நிற்கிறது, நாளைக்கும் வேலை உண்டு என்றார்.

"நான் வரல அண்ணாச்சி" என்றாள் மாரித்தாய்.

"ஏன், வீட்டுல விசேசமா?"

"இல்ல. விருதுநகர்ல இருந்து தின்னவேலிக்குச் சைக்கிள்ல போயிட்டு வரணும்."

"அங்கன யாரும் செத்துட்டாகளா?"

"யாரும் சாகல. போறோம், வாரோம். அம்புட்டுதான்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. செல்லச்சாமி சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வராதவ திங்கக்கிழமையும் வராத. சொல்லிட்டேன்."

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் மருந்துத் தட்டை எடுத்தாள். வாய் சரி என்றதே தவிர மனசு பக்கென்றது. இந்த வேலை போனால் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும், அங்கே பூச்சட்டி கிடைக்குமா, காலண்டர் அச்சை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடுமா என்று எல்லாம் யோசித்தாள். யோசித்தும் அவள் முடிவு மாறவில்லை. அன்று சாயங்காலம் வெள்ளைத்துரை சைக்கிள் செயினுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு, மிச்சத்தைக் கையில் தேய்க்க அவளிடம் நீட்டினான். அவள் வேண்டாம் என்றாள். கையில் ஒட்டிய வெள்ளி அப்படியே இருக்கட்டும், வேண்டுமென்றேதான்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் பரவும்போது விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் நின்றது. எல்லாம் ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற வண்டிகள். மாரித்தாய் சுடிதார் பேண்டுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகி, அதற்கு மேல் கம்பெனியில் போடுகிற முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தாள். பெயர் சரிபார்க்கிற மேசைக்குப் போய் இரண்டு கையையும் விரித்து மேசை மேல் வைத்தாள்.

"நான் மருந்து எடுக்கிறவ. எறக்கி விடுங்க பாப்போம்."

மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். குரலை வைத்து அவர்தான் புகழேந்தி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா சொல்றீங்க? என்ன மருந்து?"

"பூச்சட்டி மருந்துதான். முன்னாடி தரைச்சக்கரத்துக்கும் எடுத்துருக்கேன்."

"எவ்வளவு நாளா எடுக்கிறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியிலயிருந்தே எடுக்கேன்."

புகழேந்தியின் முகம் வெளுத்தது. "யாரும்மா இதை உங்களுக்குக் குடுக்கிறாங்க?"

"போர்மேன் அளந்து குடுப்பாரு. நான் மட்டுமா எடுக்கேன், எங்க தெருவே எடுக்குது. எங்க மாமியா சாகுற வரைக்கும் எடுத்தா. மழை பேஞ்சா மட்டும் எடுக்க மாட்டோம், நமுத்துப் போகும்."

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த விருதுநகர்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியபின் அவர்தான் இரண்டு பக்கத்துக்கும் விளக்கினார். மண்டப வாசலே சிரித்தது. மாரித்தாய்க்கு முகம் சிவந்துபோனது. தப்பாகத்தான் புரிந்துகொண்டோம் என்று தெரிந்தது. அதற்காகக் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"சிரிச்சாச்சா? ஊசி போட்டு ஓட்டுறவனை ஊசி போட்டவன்னு சொல்ல வேண்டியதுதான? எங்க மருந்து என்ன பண்ணுச்சு உங்களை? நாங்க மருந்து எடுக்கலேன்னா உங்க ஊர்ல தீவாளி எங்கன இருந்து வரும்?"

புகழேந்தி சிரிப்பை நிறுத்தினார். "சரிதாங்க. இந்த ஊர்ல வந்து அந்த வார்த்தையை நான் பார்த்துச் சொல்லியிருக்கணும்" என்றார். பெயரைக் கேட்டவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். "மூச்சு வாங்குதுன்னு எழுதினது நீங்களா?"

"ஆமா. இப்பவும் வாங்குது." பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டாள். "அண்ணாச்சி வரலையா?"

"லீவு கிடைக்கலைங்க."

அண்ணாச்சி முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடு என்று அவளுக்கு இருந்தது. அப்புறம், லீவு கிடைக்காத மனுசன்தானே சும்மா நாளைப் பற்றி அம்புட்டு அழுத்தி அழுத்திப் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். புகழேந்தி தன் காரிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து வந்து கொடுத்தார். பெரிதாக இருந்தது. தலையில் துண்டைக் கட்டி அதன் மேல் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒல்லி வண்டிகள் எல்லாம் பட்டம்புதூர் தாண்டுவதற்குள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. அவள் பேச்சு மிதியில் போனாள். கூடப் பேச ஆள் இல்லாததால் செல்லில் இருந்த பழைய சீனிவாசகத்தோடு பேசிக்கொண்டு போனாள். சாத்தூர் போயிற்று, கோவில்பட்டி போயிற்று. பசிக்கும் முன்னால் கடலை மிட்டாய் தின்றாள், அது புகழேந்தி கணக்கு. கயத்தாறில் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே மேற்கேயிருந்து அடிக்கிற மேகாத்து பிடித்துக்கொண்டது. எதிரே வரவில்லை, விலாவில் வந்து இடித்தது. சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. எதிர்காத்துக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி பக்கத்துக் காத்துக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று ஏசினாள். அந்த நேரம் பார்த்துச் செல்லில் சார்ஜும் தீர்ந்தது. "அடிக்கட்டும்" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

திருநெல்வேலி வாசலைத் தொட்டுத் திரும்பும்போது தொடை இரண்டும் அவளுடையதாக இல்லை. கோவில்பட்டிக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. முடியாதவர்களை ஏற்றி வருகிற வேன் பின்னாலிருந்து வந்து அவளுக்குச் சமமாக ஊர்ந்தது. உள்ளே சுருண்டு கிடந்த ஆட்களுக்கு நடுவிலிருந்து புகழேந்தி எட்டிப் பார்த்தார்.

"நேரம் நெருங்கிருச்சுங்க. ஏறிக்கிறீங்களா?"

"வேன்ல ஏற மாட்டேன்னு சொல்லி ரெண்டு வருசமாச்சு" என்றாள் மாரித்தாய். அவ்வளவுதான் பேச மூச்சு இருந்தது.

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் தலையை உள்ளே இழுக்காமல் ஒரு கணம் பார்த்தார். "அப்ப மூச்சு மிதி வேண்டாம். பேச்சு மிதியிலயே வாங்க, போதும்" என்றார். அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. கோபமா, சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை. சாத்தூர்ப் பாலம் தாண்டுகிற வரை அதையே நினைத்து மிதித்தாள்.

தெருவிளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்னால் மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு நேரத்துக்குள் வந்த கடைசி ஆள் அவள்தான். பஸ் பிடித்து வந்து காத்திருந்த வெள்ளைத்துரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தான், ஆனால் கேட்டது என்னவோ வேறு. "நாளைக்குச் சோறு நானா?"

"வேற யாரு?"

புகழேந்தி ஒரு சின்ன ரெக்கார்டரை அவள் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். நாளைக்குக் காலையிலேயே நிகழ்ச்சியில் வரும், என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார். நிகழ்ச்சி ரியாஸ் கடையில் ஏறும், அங்கிருந்து திருத்தங்கல் முழுக்கப் போகும், செல்லச்சாமி காதுக்கும் போய்ச் சேரும் என்று மாரித்தாய்க்குத் தெரியும். வெள்ளி மினுங்குகிற கையால் வேர்வையைத் துடைத்தாள். நெற்றியிலும் கொஞ்சம் வெள்ளி ஒட்டிக்கொண்டது.

"என்ன சேக்காளிகளா, வண்டிய எடுத்தாச்சா?" என்று ஆரம்பித்தாள். "நான் விஸ்வநத்தம் மாரித்தாய் பேசுறேன். திங்கக்கிழமை வராதேன்னு எங்க போர்மேன் சொல்லியிருக்காரு. வர மாட்டேன். பெரிய மிதிக்கு மறுநாள் சும்மா நாள், இதுல சமாதானமே கிடையாது. செவ்வாக்கிழமை வருவேன், மருந்து எடுக்க. யாரு எறக்கி விடுறாகன்னு பாப்போம்."